பணிவுக்குப் பெயர் மரியாதை அல்ல

"தோட்டத்துச் சனங்கள் மரியாதை தெரிஞ்சவங்க." பதுளைக்கு மாற்றலாகி வரும் உத்தியோகத்தர் இதைச் சொல்கிறார். கொழும்பிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர் சொல்கிறார். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் முதலாளியும் சொல்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எதைக் கண்டு சொல்கிறார்கள் என்று விசாரித்தால்தான் மனம் கனத்துப்போகிறது. காரியாலய வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்களாம். நாற்காலி காலியாகக் கிடந்தாலும் உட்காராமல் சுவரோரம் நிற்கிறார்களாம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் "சரிங்கய்யா" என்று திரும்புகிறார்களாம். நாளைக்கு வா என்றால் நாளைக்கும் வந்து நிற்கிறார்களாம்.

இதற்கு மரியாதை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது. இது தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவைத்த பயம். மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்றுதான் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், அது ஒருநாளும் திரும்பி வராது என்றால் அந்த உறவுக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும். ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் நெடுங்காலக் கதையை மறந்துவிட்டு, அதன் விளைவை மட்டும் நல்ல பழக்கம் என்று மெச்சிக்கொள்வது அந்த மக்களுக்குச் செய்யும் இன்னோர் அவமரியாதை.

கதை தெரியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்தை நிர்வகித்த துரை குதிரையில் வந்த காலத்திலும் சரி, பிறகு மோட்டார் வண்டியில் வந்த காலத்திலும் சரி, எதிரே வரும் தொழிலாளி பாதையைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். மழையே பெய்தாலும் பிடித்திருக்கும் குடையை மடக்க வேண்டும். தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலாம் வைக்க வேண்டும். இவை எழுதாச் சட்டங்கள். எழுதிய சட்டங்களும் இருந்தன. ஒப்பந்த காலம் முடியாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பும் குற்றமாக இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால், ஆள்சேர்த்துக் கொண்டுவந்த இந்தக் கங்காணியின் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். ஆட்களின் கடன் கைமாறும்போது ஆட்களும் கூடவே கைமாறினார்கள். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. இன்று பதுளையில் பேரப்பிள்ளை எடுத்திருக்கும் ஒருவருடைய பாட்டனார் துண்டில் கைமாறியவராக இருந்திருக்கலாம். அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது அந்தக் காலம்.

விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்றால்தான் அன்றைய வேலை. வேலை நாளைத் தோட்டத்தில் 'பேர்' என்றே சொல்கிறார்கள். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை நாள் வேலை என்று அர்த்தம். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்' விழும். நாள் முழுக்கச் சரிவில் நின்று, அட்டைக்கடி வாங்கி, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து, கடைசியில் அரைப்பேர். இந்தச் சொல்லை முதன்முறை கேட்கும் வெளியூர்க்காரர் திடுக்கிடுவதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்தவர்கள் திடுக்கிடுவதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

மக்கள் எல்லாவற்றையும் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. பதுளைப் பக்கத்து வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தத்தை இன்று பதுளையிலேயே பலருக்குத் தெரியாது. லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கம் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து ஒரு சபை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டுதான் காரியங்கள் செய்வேன் என்று தோட்டத்துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்தார்கள் என்பதையும் அக்கட்சியின் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. பிறகு அடக்குமுறை வந்தது, போராட்டம் தோற்றது. ஆனாலும் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்கள் கேட்டது கூலியை மட்டுமா? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய் என்றார்கள். கலந்துபேசு என்றார்கள். மரியாதையைக் கேட்டார்கள்.

ஏழு வருடம் கழித்து, 1947 தேர்தலில், பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். மலைநாட்டிலிருந்து அந்தக் கட்சி அனுப்பிய ஏழு பேரில் அவர் ஒருவர். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. தோட்டத்து வேலைப்பதிவான செக்ரோலில் பெயர் இருந்தது; வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இலங்கைக்கு என்று லட்சக் கணக்கில் பங்கு பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் ராமேஸ்வரம் கப்பலுக்கும் தம்பி பசறைத் தோட்டத்துக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் ஒன்றிரண்டல்ல. நாடற்றவர் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து அகல 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. பணிந்து போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்ன புத்தி அன்று யாரையும் காப்பாற்றவில்லை.

இனி, மரியாதை உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதைக் காண காரியாலயத்தைத் தாண்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போக வேண்டும்.

ஒரு லயத்தில் சாவு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தப்புச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் மலையில் நிற்பவர்கள் கூடையை இறக்குவார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்லாமலே பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது ஒரு வீடு, வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் படுக்கவைப்பது இன்னொரு வீடு. மரணாதார சங்கத்துக்காரர்கள் குறிப்புப் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் தோளைக் கொடுக்க வந்து நிற்பான். அன்றைக்கு அவனிடம் யாரும் பழைய கணக்கைப் பேசமாட்டார்கள். பேசக் கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், ஒரே கூரையின் கீழ், ஒருவர் இருமினால் அடுத்தவருக்குக் கேட்கும் நெருக்கத்தில் நூறு வருடம் வாழ்ந்தவர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட ஒழுங்கு அது. பக்கத்துக் காம்பராவில் சண்டை நடந்தால் காதில் விழுந்ததை விழாததுபோல இருந்துவிட்டு, மறுநாள் காலையில் பீலிக்கரையில் "அக்கா, தண்ணி பிடிச்சிட்டீங்களா?" என்று வழக்கம்போலக் கேட்பதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும்! மாடி வீட்டில் தனியறையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பக்குவம் தேவைப்படுவதில்லை. அதனால் அது கண்ணிலும் படுவதில்லை.

வந்தவரை இருக்கும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் இஸ்தோப்பில் குந்திக்கொள்வார்கள். பால்மா இல்லாவிட்டால் சாயத்தண்ணி. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு குடிக்கலாம். ஆனால் எதுவும் குடிக்காமல் போக விடமாட்டார்கள். சொந்தமோ இல்லையோ, எல்லாரும் மாமா, அத்தை, அண்ணே, தங்கச்சிதான். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து மரக்கறி கொண்டுவருகிறவர் மாமே ஆகிவிடுவார். அவரும் இவர்களை அக்கே என்றும் மல்லி என்றும் கூப்பிடுவார். வெலிமடைப் பக்கத்திலும் ஊவா பரணகமையிலும் இந்த உறவுமுறை இரண்டு மொழியிலும் சரளமாகப் புழங்குகிறது. அரசியல்வாதிகள் நல்லிணக்கம் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த பழக்கம் இது.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது குறையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மரியாதையில் சாதி கலந்திருக்கிறது. சாவுக்குத் தப்படிப்பவரை எந்தத் திண்ணையில் உட்காரவைத்தோம், எந்தக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தோம் என்பதை நம் பெரியவர்கள் மனசாட்சியோடு நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிழாவில் மாலையும் பரிவட்டமும் முதலில் துரைக்கு, பிறகு தலைவருக்கு, பிறகு வரிசைப்படி என்று வைத்திருந்தோமே, அந்த வரிசையின் கடைசியில் யார் நின்றார்கள்? பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலையில் அவர்களை மேற்பார்வை செய்கிறவர் பெரும்பாலும் ஆண். அவர் "ஏய்" என்று கூப்பிடுவதும், வீட்டுக்கு வந்தால் புருசன் "அடியே" என்று கூப்பிடுவதும் ஒரே தொனியில் இருக்கின்றன. அதிகாலை எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, எட்டு மணி நேரம் மலையில் நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஒரு கழிப்பறை கிடையாது. தேயிலைச் செடி மறைவுதான். மாதவிடாய் நாளிலும் அதுதான். தோட்ட நிர்வாகத்தைப் பார்த்து மரியாதை கேட்கும் சங்கத் தலைவர்கள் இந்த ஒன்றை ஒப்பந்தப் பேச்சில் முதலாவதாக வைத்திருந்தால், ஏனைய கோரிக்கைகளுக்கும் வலு கூடியிருக்கும்.

கூலிதான் முக்கியம், மரியாதை வயிற்றை நிரப்புமா என்று கேட்கிற தோழர்கள் உண்டு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல வருடங்கள் போராடி அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று. அதற்குள் விலைவாசி எங்கோ போய்விட்டது. கூலிப் போராட்டம் தொடர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். கூலியும் மரியாதையும் வேறு வேறல்ல என்பது அங்கே விளங்கும். முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு பெண்கள் வரிசையில் வருகிறார்கள். சாக்கு கொக்கியில் ஏறுகிறது. முள் ஆடி நிற்பதற்குள் ஓர் எண் சொல்லப்படுகிறது. பல இடங்களில் தராசின் முகம் எழுதுகிறவர் பக்கம் திரும்பியிருக்கும். சுமந்து வந்தவருக்குத் தெரியாது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போகும். "எத்தனைங்க?" என்று கேட்டால் "சொன்னேன்ல, போ" என்று பதில் வரும். தராசைத் திருப்பிவைக்கச் செலவு எதுவும் இல்லை. "உங்க கொழுந்து பதினெட்டு கிலோ, சாக்குக் கழிவு போக இவ்வளவு" என்று முழு வாக்கியமாகச் சொல்லவும் காசு தேவையில்லை. இது நடக்காததற்குக் காரணம் வறுமையல்ல, மனம் இல்லாததுதான்.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில் இந்தச் சரிவுகளில் எடுக்கும் கொழுந்துக்கு வேறெங்கும் வராத ஒரு வாசம் வருகிறது. ஏலத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். டம்பேதன்னை தோட்டத்துக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்தில் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் அந்தச் சிலை பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். போகிற வழியில் ஆட்டோவை நிறுத்திக் கொழுந்து பறிக்கும் பெண்களையும் படம் எடுக்கிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்துப் பக்கத்திலும் இதே கதைதான். "ஒரு படம் எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டு எடுப்பவர் குறைவு. வெளிநாட்டார் சைகையிலாவது கேட்கிறார்கள். நம் நாட்டு வாலிபர்கள் அதையும் செய்வதில்லை என்பது வேதனையான உண்மை.

படித்து மேலே வந்தவர்களுக்காவது மரியாதை கிடைக்கிறதா என்று கேட்டால், 2018 ஜனவரி நினைவுக்கு வருகிறது. பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலயத்தின் அதிபர், அன்றைய ஊவா மாகாண முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கவின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைக்கப்பட்டார். முதலமைச்சரின் சிபாரிசோடு வந்த ஒரு பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கொடுக்கவில்லை என்பது அவர்மீதான கோபம். அங்கே தான் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டதாக அந்த அதிபர் பிறகு முறைப்பாடு செய்தார். முதலமைச்சர் மறுத்தார். நாடு முழுவதும் ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். முதலமைச்சர் தன்னிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சைக் கைவிட நேர்ந்தது. அவர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தார்.

அந்த நாட்களை நான் மறக்கவில்லை. ஓர் ஆசிரியை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, ஒரு பாடசாலையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, சுற்றறிக்கைப்படி நடந்ததற்காக முழந்தாளிட வேண்டியிருந்தது என்ற செய்தி ஒவ்வொரு லயத்திலும் இறங்கியது. படித்தால் தலைநிமிரலாம் என்று சொல்லிச் சொல்லித்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம்? அவர் உடனே வெளியே பேசவில்லை என்பதைச் சிலர் குற்றமாகச் சொன்னார்கள். என் பார்வையில் அவர் பேசினார் என்பதுதான் பெரிது. குடையை மடக்கியவர்களின் பேத்தி ஒருத்தி, தனக்கு நடந்தது தவறு என்று ஒரு முதலமைச்சருக்கு எதிராக முறைப்பாடு எழுதினாள். பதுளை வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. சிங்கள ஆசிரியர்களும் அவர் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

மேலே இருப்பவர்கள் செய்வது செய்தியாகிறது. கவுண்டரில் நடப்பது ஆவதில்லை. பதின்மூன்றாம் திருத்தம் வந்த 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் குறையொன்றுமில்லை. ஆனால் இன்றும் ஒரு தாய் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த வந்தால், படிவம் சிங்களத்தில் இருக்கிறது; எழுதிக்கொடுக்க வாசலில் ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்; உள்ளே இருப்பவர் பேசும் வேகம் புரியாமல் அந்தத் தாய் தலையாட்டுகிறார்; ஆட்டிய தலைக்குப் பிறகு இன்னொரு பிழை சான்றிதழில் ஏறுகிறது. முத்துலட்சுமி முத்துலச்சமி ஆகிறார். அடுத்த முப்பது வருடம் ஒவ்வொரு காரியாலயத்திலும் அந்த எழுத்துப் பிழைக்காக அவர் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டிருப்பார். சிங்களத்தில் ஒருவரை விளிக்க எத்தனையோ படிகள் உண்டு. அவற்றில் கீழ்ப்படியான 'உம்ப' ஏன் தோட்டத்திலிருந்து வருகிறவருக்கென்றே ஒதுக்கப்படுகிறது? தமிழ் உத்தியோகத்தர்களும் தப்ப முடியாது. வெள்ளைச் சட்டை போட்டு வந்தவருக்கு "வாங்க"வும், சேலைத் தலைப்பில் பணம் முடிந்து வந்தவருக்கு "என்னா?"வும் நம் வாயிலிருந்துதான் வருகின்றன.

தோட்டக்காட்டான் என்ற வசவைச் சிங்களவர் உண்டாக்கவில்லை. அது தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தமிழர் வீடுகளில் புழங்கிய சொல். மலையகத்துப் பிள்ளைகளை வீட்டுவேலைக்கு வைத்துக்கொண்டு, அவர்கள் பெயரைக்கூடத் தங்கள் வசதிக்கு மாற்றிக் கூப்பிட்ட வீடுகளில் தமிழ்ப் பண்பாடு பற்றிய புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஊர் எது என்று கேட்டால் "பதுளை" என்று நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். தோட்டத்தின் பெயர் நாக்கில் வர மறுக்கிறது. ஹாலிஎலைக்கு அருகே கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்த ஜோசப், அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். 2022இல் மறையும்வரை தெளிவத்தை ஜோசப் என்றே எழுதினார். தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது 2013இல் அந்தப் பெயருக்குத்தான் போயிற்று. மற்றவர்கள் மறைத்த அடையாளத்தை அவர் தலைப்பெழுத்தாக்கினார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

முகவரி விஷயத்துக்கு வருகிறேன். லயத்துக் காம்பராக்களில் பலவற்றுக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் கடிதம் யாருக்கு? தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் மலைக்கு வந்து, நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதையை ஊவாவில் எந்தப் பட்டதாரியைக் கேட்டாலும் சொல்வார். தபாலின் கதை இது என்றால், சபையின் கதையும் அதுதான்: 2018 வரை பிரதேச சபைச் சட்டமே தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வரி கட்டினாலும் வாக்களித்தாலும் சபையின் பாதை தோட்ட எல்லையில் நின்றுவிடும். அந்த வருடம்தான் சட்டம் திருத்தப்பட்டது.

முகவரி இல்லாமையின் முழுக் கொடூரத்தையும் 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் பார்த்தோம். கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எந்த மேசையில் தங்கியதோ, லயத்துக்கு இறங்கவில்லை. மண் மூடிய பிறகு எத்தனை பேர் உள்ளே என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் விடை நாளுக்கொன்றாக மாறியது. யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பதற்கு ஏடு இருந்த இடத்தில், யார் எந்தக் காம்பராவில் தூங்கினார்கள் என்பதற்கு ஏடு இல்லை. ஒரு மனிதரை மதிப்பது என்றால் முதலில் அவர் இருக்கிறார் என்று பதிந்துகொள்வது. அதைக்கூட நாம் செய்யவில்லை.

இந்தப் பின்னணியில்தான் மலையக மக்கள் ஓர் இயக்கமாகத் திரண்டு நடத்திய 2023ஆம் ஆண்டு நடைபயணத்தைப் பார்க்க வேண்டும். முன்னோர் தலைமன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தடத்தில், ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. மாண்புமிகு என்பதை நாம் அமைச்சருக்கும் ஆளுநருக்கும் முன்னால் மட்டும் எழுதி வந்தோம். மேடையில் மாலையோடு சேர்த்துக் கொடுக்கும் சொல் அது. அதைக் கொழுந்துக்கூடை சுமப்பவருக்கு முன்னால் எழுதியபோது ஒரு சிலர் முகம் சுளித்தார்கள், மிகை என்றார்கள். மிகை இல்லை. வெயிலில் நடந்தவர்களோடு வழிநெடுகச் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கதை கேட்டார்கள். கோரிக்கைப் பட்டியலில் காணி, வீடு, கூலி, மொழி எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல் இருந்தது. சலுகை கேட்டு வரவில்லை, உரியதைக் கேட்டு வருகிறோம் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், இந்திய உதவி வீட்டுத்திட்டத்தின் கீழ் இரண்டாயிரம் பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்களை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வழங்கினார். நல்ல காரியம். அடுத்த மாதமே டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. வீட்டுக்கும் பாதுகாப்பான நிலத்துக்கும் செய்ய வேண்டியது மலைபோலக் கிடக்கிறது. அதற்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும், கம்பனிகளோடு பேச வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் சில காரியங்களுக்குப் பணமும் வேண்டாம், காலமும் வேண்டாம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, வெலிமடை, லுணுகலைக் காரியாலயங்களிலும் வைத்தியசாலைகளிலும் மேசைக்குப் பின்னால் இருக்கும் நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக் காலை தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றப் பார்ப்பார். வேண்டாம், போட்டுக்கொண்டே வாங்க என்று சொல்லுங்கள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். தமிழ்ப் படிவத்தை எடுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் பெயரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். தோட்டத்து நிறுவைக்களத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளைத் தம்பிகளே, தராசைத் திருப்பிவையுங்கள். தோட்டத்துப் பெரியவர்களே, அடுத்த திருவிழாவில் முதல் மாலையைத் துரைக்குப் போடாமல், உங்கள் மலையில் அதிக வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்குப் போடுங்கள்.